பொதுக்கொல்லையில் ஒரு திருட்டுக் கறிவேப்பிலை

கம்யூனிசம் என்றால் என்னவென்று எனக்கு அறுபத்தாறு வயதில்தான் தெரிந்தது. பாதியைப் பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். மீதியைக் கறிவேப்பிலை சொன்னது.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். தோட்டத்தை விற்றார்கள். ஈப்போவுக்கு வந்தேன். தொழிற்சாலை, அப்புறம் ஜாகா, அதாவது காவல்கார வேலை. இப்போது அதே ஊரில், சிலிபின் பக்கம், வீட்டில் இருக்கிறேன். என்னைப் பற்றி அவ்வளவுதான்.

எங்கள் அப்பா கம்யூனிஸ்ட் என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார். “உள்ள இருக்கிறவங்க” என்று காட்டுப் பக்கம் கையைக் காட்டுவார். அவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வெள்ளைக்காரன் வீட்டுக்கு வீடு சோறு ஆக்க விடவில்லையாம். எல்லாருக்கும் ஒரே இடத்தில், ஒரே அண்டா. அந்தக் காலத்தைப் பற்றி அப்பா வேறு எதுவும் சொன்னதில்லை. “சோறு குழைஞ்சிருக்கும்” என்பார். அதோடு சரி.

ஐயா சிலோன்காரர். சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு எங்கள் வரிசைக் கடைசி வீட்டுக்குத் தனியாக வந்தார். வரும்போது பன்னிரண்டு பெட்டி. பதினொன்றில் புத்தகம். ஒன்றில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு சட்டி.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டுக்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போவோம். அவர் பேசுவார். நான் குடிப்பேன். ஒருநாள் கம்யூனிசம் வந்தது.

“தம்பி, விஷயம் லேசு. ஒவ்வொருத்தரும் தங்களால ஏலுமான வேலையைச் செய்யிறது. தேவையானதை எடுக்கிறது. உன்ர, என்ர எண்டு ஒண்டும் இல்லை. விளங்குதே?”

“கல்யாண வீடு மாதிரி” என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ன?”

“கல்யாண வீட்டில அப்படித்தானே ஐயா. முடிஞ்சவன் வெங்காயம் உரிப்பான், முடியாதவன் பாய் விரிப்பான். சாப்பாடு எல்லாருக்கும்.”

“கல்யாண வீடு ஒரு நாள். இது ஒவ்வொரு நாளும்.”

“அப்ப பாத்திரம் யார் கழுவுறது?”

யோசிக்கப் போனார். இரண்டு நாள் கழித்து அதே மேசையில், “முறை வைத்துக் கழுவலாம்” என்றார். “கல்யாண வீட்டில முறை வச்சா ஒருத்தனும் வரமாட்டான்” என்றேன். மறுபடியும் யோசிக்கப் போனார்.

அப்பா சொன்ன அண்டாவையும் கேட்டேன். “அது வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டைப் பிடிக்கச் செய்தது” என்று சிரித்தார். “அப்ப ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே ஆக்கியிருக்காங்க?” என்றேன். சிரிப்பு நின்றது. அன்றைக்குத் தேத்தண்ணிக்குக் காசு அவர் கொடுத்தார்.

சீனப் பெருநாள் முடிந்து ஐயா வரிசையில் உள்ள ஏழு வீட்டையும் கூட்டினார். வீடுகளுக்குப் பின்னால் லோங்கான், அதாவது சாக்கடைக் கால்வாய், ஓடுகிறது. சுவருக்கும் லோங்கானுக்கும் நடுவில் பத்தடி அகலத்துக்குச் சும்மா கிடந்தது நிலம். அதில் பொதுக்கொல்லை போடலாம் என்றார். தலைவர் கிடையாது, கங்காணி கிடையாது.

“பெரட்டு இல்லாம யாரும் வரமாட்டாங்க ஐயா” என்றேன். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆளை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. எங்கள் ஆட்களுக்கு வேலை என்றால் யாராவது பேர் கூப்பிட வேண்டும்.

“மனுசன் தன்ர கொல்லைக்குத் தானாக வருவான்” என்றார்.

வந்தார்கள். அதுதான் ஆச்சரியம். ஏழு வீடும் வந்தது. ஏழு வீடும் வெண்டை போட்டது. மூன்று மாதம் சிலிபினில் எங்கள் வரிசை வெண்டைக்காயிலேயே ஓடியது. லாரி ஓட்டுகிற ஐந்தாம் வீட்டுக்காரன் சொன்னான்: “அண்ணே, கனவில கூட கொழகொழன்னு இருக்கு லா.”

ஐயாவுக்கு அது போதவில்லை. கொல்லை நடுவில் ஒரு கறிவேப்பிலை மரம் வேண்டும் என்றார். ஏழு வீட்டுக்கும் தினமும் தேவைப்படுவது அதுதானே. கூடவே ஒரு தீர்மானமும் போட்டார். இனி வரிசையில் உள்ள மரம், செடி, கொடி எல்லாம் பொது.

எல்லாரும் கை தூக்கினார்கள். என் சம்சாரமும் தூக்கினாள். வரிசையில் மரம் என்று இருந்தது அவளுடைய கறிவேப்பிலை மட்டும்தான் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த மரம் எங்கள் முன்வாசலில் நிற்கிறது. பெயிண்ட் வாளியில் வைத்தது. வாளி வெடித்து, சிமெண்டு வெடித்து, இப்போது கூரைக்கு மேலே. அதற்கு ஒரே சட்டம். கேட்டில் நின்று “அக்கா” என்று கூப்பிட வேண்டும். அவளே வந்து ஒடித்துத் தருவாள். ஒரு கொத்து கேட்டால் மூன்று கொத்து. விளக்கு வைத்த பிறகு கிடையாது.

பொது ஆன இரண்டாம் வாரம் லாரிக்காரன் வீட்டில் விசேஷம். அவன் யாரையும் கூப்பிடவில்லை. பாராங் கத்தியோடு வந்தான். ஒரு பெரிய கிளையை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான். பொதுதானே.

என் சம்சாரம் துணி காயப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“கேட்டிருந்தா ரெண்டு கிளை குடுத்திருப்பேன்” என்றாள்.

“அவனுக்கு ஒண்ணுதான் தேவை. ஒண்ணுதான் எடுத்தான்.”

“எடுத்தான்ல? அதைத்தான் சொல்றேன். நான் குடுக்கலையே.”

அன்று சாயங்காலமே ஐயா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். “ஐயா, வெண்டைக்காய் பொது. என் மரம் என் மரம். யாருக்கு வேணும்னாலும் தாரேன். ஆனா நான்தான் தாரேன்.”

ஐயா என்னைப் பார்த்தார். நான் லோங்கானைப் பார்த்தேன்.

மரம் போனால் போகட்டும், நடுக்கொல்லைக்கு ஒரு கன்று வேண்டுமே. லாரிக்காரன் செய்த தப்புக்குப் பரிகாரமாகப் பாகான் டத்தோவிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்தான். பதினெட்டு நாளில் செத்தது. ஐயா நர்சரியில் போய் ஒன்று வாங்கினார். அதுவும் செத்தது. மூன்றாவதை என் சம்சாரமே தன் மரத்தடியிலிருந்து தோண்டி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். மஞ்சள் ஆனது. உதிர்ந்தது.

“குடுத்த கறிவேப்பிலை பிடிக்காது ஐயா” என்றான் லாரிக்காரன். “திருடி வச்சாதான் பிடிக்கும். எங்கம்மா வச்சதெல்லாம் களவுக் கன்னு.”

வரிசை முழுக்க ஆமாம் என்றது. நானும் தலையாட்டினேன். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

“மூடநம்பிக்கை” என்றார் ஐயா. ஆனால் குரலில் பலம் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய மகள் கோலாலம்பூரில் பதினெட்டாவது மாடியில் இருக்கிறாள். அப்பா தனியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. போனில் சண்டை நடக்கும். எங்கள் சுவர் ஒற்றைச் செங்கல், எல்லாம் கேட்கும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தீபாவளிக்கு அவள் வருவாள். கொல்லையைப் பார்ப்பாள். அப்பா சொல்கிறபடி அங்கே ஆளும் பேரும் பயிரும் இருந்தால் அவர் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும்.

அவர் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டார். “கொல்லைக்கு நடுவில கறிவேப்பிலை எண்டா கறிவேப்பிலை, அப்படி நிக்குது பிள்ளை!” கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அங்கே நின்றது ஒரு குச்சி.

அவர் போனால் எனக்கு என்ன. ஒட்டுக்கடைக்குத் தனியாகப் போவேன். அவ்வளவுதான். ஆனால் அதை நினைத்த காலையில் தேத்தண்ணியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

போய் அந்த மூன்றாவது குச்சியைப் பிடுங்கினேன். வேர் கறுத்திருந்தது. மோந்து பார்த்தேன். அழுகல். மரத்தோடு இருபது வருஷம் வேலை செய்தவன், இதைக்கூட முன்பே பார்க்கவில்லை.

மறுநாள் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினேன். காலை ஏழுக்கு ஐயா வெறும் குழியிலேயே ஒரு வாளி ஊற்றினார். எட்டுக்கு மூன்றாம் வீடு. ஒன்பதுக்கு லாரிக்காரன் சம்சாரம். மத்தியானம் இரண்டு வீடு. சாயங்காலம் லாரிக்காரன், வேலை விட்டு வந்து, பைப்பை இழுத்து. எல்லாருக்கும் ஐயா மேல் பிரியம். எல்லாரும் முடிந்ததைச் செய்தார்கள். ராத்திரி ஐப்பசி கார்த்திகை மாதிரி மழை வேறு.

அப்புறம் என் சம்சாரம் ஒரு வாளியோடு வந்தாள். மரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவள், செத்த கன்று நின்ற குழிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

“அதில கன்னு இல்ல” என்றேன் ஜன்னலிலிருந்து.

“தெரியும். பழக்கம்.”

இப்போது நான் என்ன செய்வது. ஊற்றாதீர்கள் என்று சொல்லலாம். யார் கேட்பார்கள்? அவன் ஊற்றாவிட்டால் இவன் ஊற்றுவான். ஏழு பேருக்குப் பாசமாகப் போய்விட்ட கன்று பிழைக்காது. கங்காணி இருந்தால் ஒரு அதட்டில் நிற்கும். எங்களிடம் கங்காணி இல்லை. இருந்தது திருட்டு நம்பிக்கை ஒன்றுதான்.

ஆடி வெள்ளி. சம்சாரம் கோயிலுக்குப் போனாள். பட்டப்பகலில் என் வீட்டு முன்வாசலில் நானே திருடினேன். அவள் மரத்தடியில் ஒரு நல்ல வேர்க்கன்று, முழங்கால் உயரம். பின்னால் கொண்டுபோய், குழியை மேடாக்கி, மணல் கலந்து நட்டேன். அப்புறம் வீடு வீடாகப் போனேன். நான் யார் வீட்டுக்கும் சாதாரணமாகப் போகிறவன் இல்லை. அதனாலேயே பயந்து கதவைத் திறந்தார்கள்.

“கன்னு வச்சிருக்கேன். திருட்டுக் கன்னு. என் சம்சாரத்துது. அவளுக்குத் தெரியாது. கிட்டப் போகாதீங்க. தண்ணி ஊத்தினா தெரிஞ்சிரும். பார்க்கக்கூட வேணாம்.”

லாரிக்காரன் கையைப் பிடித்துக் குலுக்கினான். “சூப்பர் அண்ணே! இதான் லா வேணும்.”

கடைசியாக ஐயா. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“களவோ? தம்பி, நாங்கள் தனிச்சொத்தே வேண்டாம் எண்டு…”

“அதான் ஐயா. எல்லாம் பொதுவா இருந்தப்ப திருட வழியே இல்ல. அவ மரத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டா. இப்ப வழி இருக்கு.”

ஐயா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “இது ஒரு புத்தகத்திலயும் இல்லை” என்றார். ஆனால் அவர்கூட வாளியைத் தொடவில்லை. கன்றைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவார். ஏழு வீடும் அப்படித்தான் போனது. தெரியாதவர்கள் பார்த்தால் அங்கே ஏதோ பாம்பு இருக்கிறது என்று நினைப்பார்கள்.

மூன்றாம் வாரம் துளிர் விட்டது.

சம்சாரம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. ஒருநாள் சோறு போடும்போது, “மரத்தடியில குழியை மூடாமப் போயிருக்கான், மடப்பய திருடன்” என்றாள். நான் ரசம் கேட்டேன்.

தீபாவளி அன்று மகள் வந்தாள். காரின் பின்சீட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். ஐயாவின் பெட்டிகளுக்கு என்று பார்த்தவுடன் புரிந்தது. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆட்டிறைச்சி, கோழி, வெண்டைக்காய். ஏழு வீடும் வந்து போய்க்கொண்டிருந்தது.

சாப்பிட்டதும் அவளைக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். கறிவேப்பிலை இடுப்பு உயரம் நின்றது. நல்ல பச்சை.

“இதானா? அப்பா சொன்னதைக் கேட்டு நான் தென்னை உயரம்னு நினைச்சேன்” என்றாள். “யாரோடது?”

“எல்லாரோடதும்” என்றான் லாரிக்காரன்.

“என்னோடது” என்றாள் என் சம்சாரம். “களவு போச்சு.”

லாரிக்காரன் என் பின்னால் ஒளிந்தான். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்கு ஒரு நிமிஷம் செடியைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆறு மாதம் நாங்கள் பட்ட பாட்டுக்கு ஒரு நிமிஷம். மனசு விட்டுப்போனது. பெட்டி கட்டப் போகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன்.

திரும்பும்போது பின்வாசல் குழாயடியில் ஐயா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, எங்கள் பிரியாணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் நாரும் சாம்பலும். முழங்கை வரை கரி. யாரும் அவரைச் சொல்லவில்லை. முறையும் வைக்கவில்லை. மூன்றாம் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற, ஐயா அவரிடம் ஏதோ பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் “அப்படியா, அப்படியா” என்று, வேண்டியதைவிட அதிகமாகவே ஊற்றினார்.

மகள் நின்றுவிட்டாள். செடியைப் பார்த்ததைவிட ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வீட்டில ஒரு கோப்பை கழுவினது இல்ல” என்றாள் மெதுவாக.

அவள் ஐந்து மணிக்குக் கிளம்பினாள். பின்சீட்டில் பெட்டி இல்லை. முறுக்கு டின் இரண்டு, வெண்டைக்காய் ஒரு பை, அதுவும் எல்லாரும் சேர்ந்து திணித்தது. கார் கதவை மூடும்போது என்னிடம், “அங்கிள், அப்பாவைப் பார்த்துக்குங்க” என்றாள்.

“ம்” என்றேன்.

மறுநாள் காலை ஒட்டுக்கடையில் ஐயா கையை நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் இன்னும் கரி.

“தம்பி, நீர் கேட்ட அந்தப் பாத்திரக் கேள்வி…”

“தேத்தண்ணி ஆறுது ஐயா” என்றேன்.