அத்தைக்கு ஞாபகம் வந்த சாமி

எங்கள் குடும்பத்தாரிடம் "உங்கள் பாட்டன் எந்த ஊர்?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். சொன்ன ஊரையும் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மாற்றிவிடுவார்கள். இந்த லட்சணத்தில் என் அக்காவின் கல்யாணம் வந்து மாட்டிக்கொண்டது.

ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்த யுத்த காலம். அக்காவைப் பெண் பார்த்துப் போன ரயில் பட்டறைக்காரர் வீட்டில், நிச்சயத்துக்கு முன்னால் எங்கள் குலதெய்வம் எது என்று கேட்டு அனுப்பினார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே தெய்வமானால் பங்காளிகள். மாப்பிள்ளை அண்ணன் முறையாகிவிடுவார். பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்த பாட்டன் சாமியை எங்கே விட்டுவிட்டு வந்தார் என்று எங்கள் அயனம்பாக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அக்காவோ, கதவிடுக்கில் அவரை ஒருமுறை பார்த்ததிலிருந்து நெல் குத்தும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா விசாரிக்கக் கிளம்பினார். ஏனோ என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தார். மாப்பிள்ளை வீட்டுச் சாமி பாலாற்றங்கரைக் கன்னியம்மன் என்பதை மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. சொன்னால் அதையே திருப்பிச் சொல்லிவிடுவார்களாம்.

முத்தாபுதுப்பேட்டைப் பெரியப்பா, முனீஸ்வரன்தான் என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

"அய்ய, அது எங்கப்பன் ஊட்டு சாமி!" என்று உள்ளேயிருந்து பெரியம்மா கத்தினாள். இதைக் கேட்கவா அத்தனை தூரம் நடந்தோம் என்று எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் பூந்தமல்லி. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பார்த்ததுமே ஆரம்பித்தாள்.

"எம்புள்ள இங்க குத்துக்கல்லாட்டம் கீறான். நீ அசல்ல மாப்ள தேடிகினு கீறியா, தம்பி? சாமியாம் சாமி. எனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

அப்பா தலையில் அடித்துக்கொண்டு கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"அவுங்க ஊட்டு சாமி இன்னாடி, கண்ணு?"

கால் வலி. சொல்லித் தொலைத்தால் வீட்டுக்குப் போகலாம். சொல்லிவிட்டேன்.

அப்பா திரும்பி வந்தபோது அத்தைக்கு எல்லாம் ஞாபகம் வந்திருந்தது. ஆற்றங்கரை, வேப்பமரம், பாட்டன் வெட்டிய கெடா, கடைசியில் கன்னியம்மன். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து அக்காவிடம் நான்தான் முதலில் சொன்னேன். முகம் வெளுத்துப்போய் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தை தானா சொன்னாங்களா, நீ சொன்னப்புறம் சொன்னாங்களா?"

"நான் சொன்னப்புறம்தான். நான் சொல்லலன்னா அவங்களுக்கு ஞாபகமே வந்திருக்காது!" என்றேன் பெருமையாக.

அப்பா அப்போது வாசலில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் பேச்சை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு உலக்கையை எடுத்துக்கொண்டாள். தை மாதம் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்டினாள். நான் சொன்ன அன்றைக்கு அவள் என்னை ஓர் அறைகூட அறையாதது ஏன் என்றுதான் எனக்குப் புரியவேயில்லை.