டாப்பெட் மூடிக்குள் எழுதியிருந்தது

பட்டறைக்காரருக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் 'அவசரம்'. எதையும் அவர் அவசரமாகச் செய்ததில்லை என்பதால் வந்த பெயர். ஒரு கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் இரண்டு டீ ஆகும். அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார், அப்புறம்தான் ஸ்பானரைத் தேடுவார்.

ஒரு காலத்தில் அவரும் கைவேகக்காரர்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வண்டிக்காரர் காட்டிய பேப்பரில் இருந்த அளவை நம்பி, அளந்து பார்க்காமலே ஒரு இன்ஜினை லேத்துப் பட்டறைக்கு அனுப்பினார். சிலிண்டர் பாழாய்ப் போனது. வண்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டாமல் திரும்பிப் போனதுதான் இவர் மனசை அதிகமாக அறுத்தது. இந்த நிதானம் அன்று வந்தது.

கணக்கு டீச்சர் ரிட்டையர் ஆன கையோடு ஒரு பழைய கார் வாங்கினார். அவரைவிடப் பத்து வயது மூத்த கார். "எனக்கு அக்கா முறை" என்று சொல்லிக்கொண்டே அதை இழுவை வண்டியில் கட்டி, அவசரத்தின் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

இன்ஜினைத் திறந்த அன்றே சிக்கல். சிலிண்டரின் அகலம் அறுபத்து மூன்றரை மில்லி என்றது காரோடு வந்த புத்தகம். அவசரத்தின் அளவுகோல் அறுபத்தாறு காட்டியது. மூன்று தடவை அளந்தார்.

"டீச்சர், புத்தகம் ஒண்ணு சொல்லுது, இரும்பு ஒண்ணு சொல்லுது."

"நீங்க அளந்தது தப்பா இருக்கலாமே?"

"நீங்களே அளந்து பாருங்க."

டீச்சர் நாலு சிலிண்டரையும் அளந்து, சராசரியும் எடுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டரை மில்லி தேய்ஞ்சிருக்க முடியாதா?"

"அவ்வளவு தேய்ஞ்சா வண்டி அன்னைக்கே நின்னிருக்கும். இது இந்தக் காரோட இன்ஜினே இல்லை. வேற எதுக்கோ பொறந்தது."

எதற்கு என்பதுதான் தெரியவில்லை. நம்பர் குத்தியிருந்த இடத்தை யாரோ அரம் வைத்து மழித்திருந்தார்கள். பெயின்டைச் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சிவப்பு. கியர்பாக்ஸோடு ஒட்டவைக்க நடுவில் ஒரு இரும்புத் தட்டை வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். மூன்று நாள் அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

லேத்துப் பட்டறை வைத்திருந்த மச்சான் போன் பண்ணினான். "மாமா, திங்கக்கிழமை மெஷின் காலி. பிளாக்கை அனுப்புங்க, போர் பண்ணிடறேன். உள்ளே அரை மில்லி கடைஞ்சு எடுத்தா கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியாம கத்தி வைக்க மாட்டேன்டா."

"சரி, பிறப்புச் சான்றிதழ் கிடைச்சதும் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட மனைவி பட்டறைக்கு வந்தபோது, அவர் டாப்பெட் மூடியை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். இன்ஜினின் பக்கவாட்டில் வால்வுகளை மறைத்திருக்கும் தகட்டு மூடி அது. உள்பக்கம் காய்ந்து கெட்டித்திருந்த எண்ணெய் கரையக் கரைய, கீறல்கள் எழுத்துகளாயின. இவர் கண்ணுக்கு அவை பிடிபடவில்லை. தையல் மெஷினில் நூல் கோத்துப் பழகிய மனைவி வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தாள்.

"தீயணைப்பு நிலையப் பம்பு இன்ஜின். மூணாவது சிலிண்டர் விரிசல் விட்டு ஸ்லீவ் போட்டிருக்கு. அங்கே சுவர் மெலிசு. இனிமே போர் பண்ணாதீங்க. திறக்கிறவங்க நல்லா இருக்கணும்."

ஸ்லீவ் என்பது விரிசல் விட்ட சிலிண்டருக்குள் அடித்து இறக்கும் மெல்லிய இரும்புக் குழாய். மேல்முகத்தை அவ்வளவு சுத்தமாக இழைத்திருந்ததால் அதன் விளிம்பு கண்ணுக்கே தெரியவில்லை. மச்சான் சொன்னபடி அரை மில்லி கடைந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

அவசரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, நெஞ்சு ஏதாவது பண்ணுதா?"

"இல்ல. யாருன்னே தெரியாத ஒருத்தர் நமக்கு இவ்வளவு பண்ணியிருக்காங்களேன்னு பார்க்கிறேன்."

தீயணைப்பு நிலையத்தில் விசாரித்தார். அந்தப் பம்பு என்றைக்கோ ஏலத்தில் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் மட்டும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் குடியிருக்கிறார் என்றார்கள். மறுநாள் காலை மூடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, டீச்சரோடு போனார்.

அந்தப் பெரியவர் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை என்னுதுதான். எழுத்து என்னுது இல்லை. நான் இவ்வளவு நல்லா எழுத மாட்டேன்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இவர் எழுதுனா இவருக்கே புரியாது. அப்ப வலது கை நசுங்கி, கட்டுப் போட்டிருந்தாரு. இவர் சொல்லச் சொல்ல நான்தான் ஆணியால கீறினேன்."

"கடைசி வரி நான் சொல்லலையே" என்றார் பெரியவர்.

"அது நானாச் சேர்த்தது."

நாற்பது வருஷமாக அவருக்கே தெரியாத சங்கதி. மனைவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மின்விசிறியில் குனிந்துகொண்டார்.

பஸ்ஸில் வரும்போது அவசரம் நன்றி சொல்ல நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, கையைக் கூப்பியபடி நின்றார்.

"எதுக்குப்பா இதெல்லாம்" என்றார் அந்த அம்மா. "எழுதினதை ஒருத்தராவது படிச்சீங்களே. உட்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

காப்பி குடிக்கும்போதுதான் மீதி தெரிந்தது. அந்தப் பம்பைச் செய்த கம்பெனி, ரொட்டி வேனுக்கென்று செய்த இன்ஜினையே பம்புக்கும் பூட்டி அனுப்பியிருந்தது. ரொட்டி வேனுக்கான பாகங்கள் இன்றும் கிடைக்கும். போர் பண்ணவே வேண்டாம். சிலிண்டரை லேசாகத் தேய்த்துவிட்டு, பிஸ்டனுக்கு ரிங் புதிதாகப் போட்டால் போதும். பம்பிலிருந்து காருக்கு அதை மாற்றியது யார் என்பது மட்டும் பெரியவருக்கும் தெரியவில்லை.

ஏழு வாரம் கழித்து இன்ஜின் பேசியது. டீச்சர் முதல் வேலையாக டிப்போவுக்குப் பின்னால் போய் அந்தத் தம்பதியை ஏற்றிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு முன்சீட்டு. பின்னால் பெரியவரும் அவசரமும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். முதல் திருப்பத்தில் வண்டி அணைந்தது; தப்பு தன்னுடையது என்று டீச்சர் ஒப்புக்கொண்டு மறுபடி எடுத்தார்.

"பம்புல இருந்தப்ப இன்னும் கணீர்னு கத்தும்" என்றார் பெரியவர்.

"இப்ப அதுக்கு அவசரம் இல்லைங்க" என்றார் அவசரம்.

முன்சீட்டில் அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்னும் கொஞ்சதூரம் போகலாமா என்று டீச்சரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.