மெயினை இறக்கிப் பார்க்காத சோதனை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கரண்ட் போகாத நாளை நான் பார்த்ததில்லை. போனால் மண்ணூர்பேட்டைப் பக்கத்து லேத் பட்டறைகள் எல்லாம் ஒரே நொடியில் அடங்கும். தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரல் திடீரென்று பெரிதாகக் கேட்கும். வரும்போதும் அப்படித்தான், எல்லாம் ஒரே நொடியில் எழும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம், அதே தெருவில் எழுதப்பட்ட ஒரு விதிப் புத்தகத்துக்குத் தெரியவில்லை. அதை எழுதிய குழுவின் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பிறகு, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகளைச் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். சோதனைகளை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதித் தருவது என் வேலை. பேட்டையில் இப்படி நான்கைந்து கம்பெனிகள் இருந்தன. எவர் செய்த பெட்டியும் மற்றவர் பெட்டியோடு பேச வேண்டும் என்பதற்காக, எல்லோரும் சேர்ந்து பொது விதிகள் எழுதினார்கள்.

விதி எளிமையானது. ஒரே கேபிளில் பல கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியோடு, இருக்கும். இரண்டு ஒரே சமயத்தில் பேசினால் இரண்டின் பேச்சும் கெடும். கெட்டால், ஒவ்வொன்றும் குலுக்கிப் போட்டு எடுத்த ஒரு எண்ணின்படி கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். காத்திருக்கும் நேரம் வேறு வேறாக இருந்தால்தான் மறுபடி மோதாது. அந்த எண்ணைப் பெட்டி எங்கிருந்து எடுத்தது? தன்னை ஆன் செய்த கணத்திலிருந்து எண்ணி எடுத்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் ஒருவர் மேஜை ஓரமாக நடந்துகொண்டே ஒவ்வொன்றாக ஆன் செய்வார். அதனால் எல்லாம் வேறு வேறு எண். எல்லாம் பாஸ்.

முதலில் திருமழிசையில் ஒரு தனியார் சரக்குக் கிடங்கில் இந்தப் பெட்டிகளை வைத்தோம். என் சிநேகிதி அங்கே மூத்த ஆபரேட்டர். அந்த ஊரிலேயே நிலம் வைத்திருந்த பழைய குடும்பத்துப் பெண். வைத்த மாதத்திலேயே, ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் எல்லாத் திரைகளும் உறைந்து நின்றன. அடுத்த முறையும் அப்படியே. சரக்குச் சீட்டு அடிக்க முடியாமல் வாசலில் லாரிகள் நின்றன. மேனேஜர் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்: பெண்கள் கண்டதையும் அழுத்துகிறார்கள். மூத்தவள் என்பதால் என் சிநேகிதிக்கு மெமோ கொடுத்து, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். குற்றம் உறுதியானால் பதவி போகும்.

"நான் இன்னாடி பண்ணேன்?" என்றாள் பஸ் ஸ்டாண்டில். "கரண்டு போச்சு, வந்துச்சு, அது அப்டியே நின்னுகினு கீது. தொட்டியான்னு கேக்கறான். தொடாம டைப் அடிக்க நான் இன்னா மந்திரவாதியா?"

எங்கள் டெக்னீஷியனை அனுப்பினேன். ஆவடி குவார்ட்டர்ஸ் பையன், அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை. போய்ப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தான். "அக்கா, கரண்ட் வந்தா எல்லாப் பொட்டியும் ஒண்ணா முழிக்குது. ஒண்ணா முழிச்சா எல்லாம் ஒரே நம்பரைத்தான் எடுக்குது. ஒண்ணா பேசுது, மோதுது, ஒண்ணா காத்திருக்குது, திரும்ப மோதுது. வாழ்நாள் பூரா மோதும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழுவிடம் போனேன். நான் கேட்டது ஒரே ஒரு சோதனை: எல்லாப் பெட்டிகளையும் இணைத்து வைத்து, மெயினை இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். அதை நீங்களே பெயில் என்று எழுதினால், அந்தப் பெண்ணின் மீதான மெமோ தானாக விழுந்துவிடும்.

குழு கூடியது சங்கத்துக் கட்டட மாடியில். கீழே முற்றத்தில் ஜெனரேட்டர். அங்கே கரண்ட் போவதே கிடையாது. தலைவர், பேட்டையிலேயே பெரிய கம்பெனியின் மேலாளர். "கரண்டு நம்ம சப்ஜெக்ட் இல்லம்மா. அது ஈ.பி.காரன் சப்ஜெக்ட்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "யு.பி.எஸ். வாங்கச் சொல்லுங்க."

டீ வந்தது. எல்லோரும் டம்ளரைக் கையில் எடுத்தபோது, என்னோடு வந்திருந்த டெக்னீஷியன் சுவரோரம் போய் மெயின் கைப்பிடியை இறக்கி, ஏற்றினான். மேஜையில் சோதனைக்கு இணைத்து வைத்திருந்த பெட்டிகள் அத்தனையும் எழுந்தன, எழுந்து, உறைந்தன.

தலைவர் டீயைக் குடித்து முடித்தார். "இந்தச் சோதனை நம்ம பட்டியல்ல இருக்கா?"

"இல்லை சார்," என்றேன்.

"பட்டியல்ல இல்லாததுல எப்படிம்மா பெயில் ஆவறது?"

பிறகு விதிப் புத்தகத்தில் சேர்க்க ஒரு குறிப்பைச் சொல்லிக் குழுச் செயலாளரை எழுதச் சொன்னார். மின்தடை ஏற்பட்டால் இயக்குபவர் எல்லா இயந்திரங்களையும் அணைக்க வேண்டும்; மின்சாரம் வந்தபின் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்; ஒன்று முழுமையாக இயங்கத் தொடங்கிய பிறகே அடுத்தது. பெட்டி செய்ய வேண்டிய குலுக்கலை, சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்களின் கையில் கொடுத்தார்கள். செலவில்லாத தீர்வு.

குறிப்புக்குக் கீழே அன்றைய தேதியைப் போடச் சொன்னேன். செய்தித்தாளில் ஒரு திருத்தம் வெளியிட்டால் அதற்குத் தனித் தேதி உண்டு. அது இல்லாமல் எது முதலில் நடந்தது என்று யாருக்கும் தெரியாது. "புத்தகத்துக்கு ஒரு தேதிதான்மா," என்றார் தலைவர். புத்தகம் பழைய தேதியோடு மறுபடி அச்சானது.

விசாரணையில் அந்தப் புத்தகத்தைத்தான் தூக்கிக் காட்டினார்கள். இதோ விதி, நீ மீறியிருக்கிறாய். அவளுக்கு மெமோ கொடுத்தபோது அந்த விதியே இல்லை என்று சொல்ல நான் வாசலில் காத்திருந்தேன். வெளியாள் என்று உள்ளே விடவில்லை. மூத்த ஆபரேட்டர் பதவி போனது. கடைசி நாற்காலிக்கு மாற்றி, வேலைக்கு வரச் சொன்னார்கள். எத்தனையோ தவறுகளை நான் அச்சில் பார்த்திருக்கிறேன். நடந்து முடிந்த ஒன்றுக்குப் பின்னால் விதியை எழுதி, அதை முன்னால் நகர்த்தி வைத்ததை அங்கேதான் பார்த்தேன்.

சில வாரங்கள் கழித்துக் கம்பெனி என்னைக் கிடங்குக்கு அனுப்பியிருந்தது. மதியம் கரண்ட் போனது; பெண்கள் எல்லாவற்றையும் அணைத்து வைத்தார்கள். கரண்ட் வந்தது. என் சிநேகிதி எழுந்து முதல் கம்ப்யூட்டரைப் போட்டாள். கைகட்டி நின்றாள். அது முழுமையாக எழுந்த பிறகு இரண்டாவது. மற்ற பெண்கள் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். லாரி வரிசை கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது.

ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "இன்னாக்கா, ஒவ்வொரு டிவிக்கும் கற்பூரம் காட்டிகினு கீறியா?"

"பூசாரி மேலே கீறாரு அண்ணாத்தே, அவரைக் கேளு."

மேனேஜர் ஓடி வந்தார். "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத் தொலைம்மா!"

"ரூலு சார். புக்குல கீது."

"நான் சொல்றேன்ல?"

"எய்திக் குடு சார்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றும் அடுத்தடுத்த மின்தடைகளிலும் இதே கதைதான். லாரி உரிமையாளர்கள் கத்தினார்கள். கிடங்கு முதலாளி குழுத் தலைவருக்கு போன் போட்டுக் கத்தினார். ஒரு பெண்ணின் பதவி போனபோது அசையாத குழு, லாரி நின்றதும் அசைந்தது. எல்லாப் பெட்டிகளையும் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் பதித்த தனி எண்ணிலிருந்து குலுக்கல் தொடங்குமாறு சிப்பை மாற்றினார்கள். அடுத்த பதிப்பில் மெயினை இறக்கி ஏற்றும் சோதனை சேர்ந்தது. குறிப்பு நீங்கியது. அந்தப் பதிப்பில் மட்டும் தேதி சரியாக இருந்தது.

புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். குறிப்பே இல்லை என்றான பிறகு தண்டனை எதற்கு என்று கேட்டேன். "அப்போ இருந்த ரூல்படி அது தப்புதானேம்மா?" என்றார்.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். அவள் கடைசி நாற்காலியில் தட்டிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"பொட்டிக்கு சிப்பு மாத்திட்டாங்க," என்றாள். "இவனுங்களுக்கு யாருடி மாத்துவா?"