முக்கால் கிட்டார்

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து டிராமில் எனக்கு இன்னும் பழகாத காட்சி ஒன்று உண்டு. பள்ளி விடும் நேரத்தில் ஏறும் பிள்ளைகளில் சிலர், புத்தகப் பை போதாதென்று, வாத்தியப் பை ஒன்றையும் முதுகில் மாட்டியிருப்பார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் பையும் அதற்குக் கீழே இரண்டு கால்களும் மட்டும் நடந்து போவதுபோல் இருக்கும். பெரியவர்கள் யாரும் வாங்கிப் பிடித்துக்கொள்வதில்லை. ‘வெயிட்டா இருக்கா கண்ணு, இப்படிக் குடு’ என்று நம் ஊர்ப் பேருந்தில் பத்துக் கைகள் நீளுமே, அதெல்லாம் இங்கே கிடையாது. முதல் மாதம் நான் ஒரு சிறுமியின் பையைத் தாங்கிப் பிடிக்கப் போனேன்; அவள் திருடியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கையை என் மடியிலேயே வைத்துக்கொள்ளப் பழகினேன்.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக வேலை செய்கிறேன். பிறந்தது மேல்பட்டாம்பாக்கம், வாழ்க்கைப்பட்டது சிதம்பரம். என் கணவர் செந்தில் மேல வீதியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். எங்கள் மகள் மதிக்கு ஏழு வயது இருக்கும்போது நான் விமானம் ஏறினேன். மொழித் தேர்வு, அது முடிந்ததும் தொழில் தகுதித் தேர்வு, அது முடிந்ததும் நிரந்தர வேலை என்று ஒவ்வொன்றாக நீண்டதில் இரண்டு வருடத்துக்கு மேல் ஊருக்குப் போக முடியவில்லை. என்னைப் போலப் பிள்ளைகளை விட்டு வந்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் பிள்ளை போனை விட்டு இறங்காது. பிறகு பள்ளிக் கதை சொல்லும். பிறகு நாம் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லும். மதி ‘ம்’ என்ற ஒற்றை எழுத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். சாப்பிட்டியா? ம். படிச்சியா? ம். அம்மாவுக்கு ஒரு முத்தம் குடு? அதற்கும் ம்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாகவே போனை வாங்கி, “அம்மா, எனக்கு ஒரு கிட்டார் வேணும்” என்றாள். பள்ளியில் ஸ்டெல்லா மிஸ் சனிக்கிழமைகளில் கற்றுக்கொடுக்கிறார்களாம். பள்ளியில் இருப்பது ஒரே கிட்டார், பத்துப் பேர் முறை வைத்துத் தொட வேண்டியிருக்கிறதாம். ஊருக்கு வரும்போது வாங்கி வருகிறேன் என்றேன். அன்றைக்கு நான் எத்தனை சந்தோஷப்பட்டேன் என்பதைப் இல்லத்தில் நான் கவனித்துக்கொள்ளும் மூதாட்டிகூடக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த வாரமே வாத்தியக் கடை ஒன்றைத் தேடிப் போனேன். சுவர் முழுக்கக் கிட்டார்கள், ஒரே வீட்டு அண்ணன் தங்கைகள் போட்டோவுக்கு நின்றதுபோல், சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக. கடையில் இருந்த இளம்பெண்ணிடம் என் மகளுக்கு வேண்டும், ஆரம்பப் பாடம் என்றேன். “வீ க்ரோஸ் இஸ்ட் ஸீ?” என்று கேட்டாள். எவ்வளவு பெரியவள் என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, “நொய்ன்” என்றேன். ஒன்பது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒன்பது மீட்டரா என்றாள். கேட்டது வயதை அல்ல, உயரத்தை. இங்கே கிட்டார்கள் கால், அரை, முக்கால், முழு என்று அளவில் வருகின்றன. வயது ஒரு குத்துமதிப்புதான், பிள்ளையின் உயரமும் கை நீளமும்தான் முக்கியம் என்று நிதானமாக விளக்கினாள். பிறகு தன் உள்ளங்கையைக் காற்றில் கிடையாகப் பிடித்து, இவ்வளவா, இவ்வளவா என்று ஏற்றி இறக்கிக் காட்டினாள்.

நானும் கையை நீட்டினேன். என் கை இடுப்புக்குச் சற்று மேலே போய் நின்றது. நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அது விமான நிலையத்தில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயது மதியின் உயரம். இப்போதைய உயரம் எனக்குத் தெரியாது. போனில் நான் இத்தனை நாளும் பார்த்தது முகமும் கழுத்தும் மட்டும்தான். அவள் தோள் எங்கே இருக்கிறது, கை எவ்வளவு நீண்டிருக்கிறது, ஒன்றும் தெரியாது. கையைக் கொஞ்சம் உயர்த்தினேன், இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன், பிறகு இறக்கிவிட்டேன். அந்தப் பெண் எதையோ புரிந்துகொண்டவள்போல் குரலைத் தாழ்த்தி, அவசரமில்லை, மகளை அழைத்து வாருங்கள், மடியில் வைத்துப் பார்ப்போம் என்றாள். அழைத்து வர முடிந்தால் அழைத்து வந்திருக்க மாட்டேனா? அதைச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. ஆனாலும் அவள் ஒரு கிட்டாரை எடுத்து உட்கார்ந்து, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று காட்டினாள். வலது கை கிட்டாரின் உடம்புக்கு மேல் விழும்போது தோள் தூக்கக் கூடாது. இடது கை முனைவரை போகும்போது முழங்கை விறைக்கக் கூடாது. கம்பி நைலானாக இருந்தால் விரலுக்கு வலி குறைவு. கம்பிக்கும் கட்டைக்கும் இடைவெளி ஜாஸ்தி இருந்தால் பிள்ளை ஒரே மாதத்தில் வெறுத்துவிடும்.

அன்றைக்கே செந்திலைக் கூப்பிட்டேன்.

“மாமா, மதி உயரம் எவ்ளோன்னு ஒரு டேப் வெச்சி அளந்து சொல்லுங்க. கை நீளமும் வேணும்.”

“எதுக்குக் கலா? வளர்ற புள்ள, பெருசாவே எடுத்தா ஆச்சு. யூனிபார்ம் அப்படித்தான எடுக்கறோம்?”

நாங்கள் வளர்ந்ததே அப்படித்தான். பள்ளிச் சட்டை முதல் வருடம் முழங்காலைத் தொடும், மூன்றாம் வருடம் சரியாக இருக்கும், அதற்குள் நைந்துவிடும். சரியான அளவில் ஒரு சட்டையைப் போட்ட ஞாபகமே எனக்கு இல்லை. நான் பிடிவாதமாகக் கேட்கவும் அவர் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். போனில் காலடிச் சத்தமும், ஏதோ பேச்சும், பிறகு மதியின் குரலும் தெளிவாகக் கேட்டன.

“அளக்க வேணாம். அவுங்களையே வந்து பாத்துக்கச் சொல்லு.”

செந்தில் திரும்பி வந்து, “தூங்கிட்டாம்மா” என்றார். சரி என்றேன். அடுத்த நாள் மேலாளரிடம் போய், விடுப்பை முன்னதாகவே தரும்படி கேட்டேன். கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க நான் வேலை பார்ப்பதாகச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள். கிட்டார் வாங்காமலே ஊருக்குப் புறப்பட்டேன்.

சிதம்பரம் வீட்டு வாசலில் மதி நின்றாள். என் தோளுக்கு வந்திருந்தாள். கட்டிக்கொண்டபோது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேருமே தடுமாறினோம். “கிட்டார் எங்க?” என்றாள். “உன்ன வெச்சிதான் வாங்கணுமாம். நாளைக்குக் கடலூர் போலாம்” என்றேன். அவள் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். கோபம் இருந்தது, ஆனால் ‘ம்’ என்று சொல்லவில்லை. “ஜன்னல் சீட்டு எனக்கு” என்றாள்.

மறுநாள் மூவரும் பேருந்தில் போனோம். புதுச்சத்திரம் தாண்டும்போது மதி தூங்கிப்போய் என் மேல் சாய்ந்தாள். கடலூரில் லாரன்ஸ் ரோட்டில் இருந்த வாத்தியக் கடைக்குள் நுழைந்ததும் அவள் கண் நேராக ஒரு நீலக் கிட்டாருக்குப் போனது. முழு அளவு, இரும்புக் கம்பி, ஒரு பக்கம் வளைத்து வெட்டிய உடல், கண்ணாடிபோல் பளபளப்பு. கடைக்காரர் அதை இறக்கிக் கொடுத்து, “பாப்பாவுக்கு நல்ல டேஸ்ட்டு. இது எடுத்தீங்கன்னா காலேஜ் வரைக்கும் கவல இல்ல” என்றார். செந்தில் என்னைப் பார்த்து, நான் சொன்னேன் இல்லையா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

மதி நாற்காலியில் உட்கார்ந்து அதை அணைத்தாள். கிட்டாருக்குப் பின்னால் அவள் மோவாய் மட்டும் தெரிந்தது. வலது தோள் காதுவரை தூக்கிக்கொண்டது. இடது கை முனையை எட்டியபோது முழங்கை கம்புபோல் விறைத்தது. கம்பியை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. பல்லைக் கடித்து இன்னும் அழுத்தினாள். விரல் நுனியில் சிவப்பாகக் கோடு விழுந்தது.

“வலிக்குதா?” என்றேன்.

“இல்ல.”

“சின்னது ஒண்ணு பாக்கலாமா?”

“நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல. நீ போனப்பதான் சின்னப் புள்ள.”

கடைக்காரர் கம்பியைத் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். செந்தில் வாயைத் திறக்கப் போனார், நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். லைப்சிக்கில் கற்றதையெல்லாம் அவளிடம் ஒப்பிக்க நாக்கு துடித்தது. ஆனால் எதைச் சொன்னாலும் அது தூரத்திலிருந்து வந்தவள் சொல்வதாகத்தான் இருக்கும். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “குடு, நான் பாக்கறேன்” என்று அந்த நீலக் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தேன். நான் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு, கையும் சின்னது. என் தோளும் தூக்கிக்கொண்டது. விரல் மூன்றாவது கம்பிக்கே நீளவில்லை. அழுத்திப் பார்த்தேன், எருமை கனைத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது.

மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அம்மா, உனக்கே எட்டல!”

“ஆமாண்டி, எனக்கே எட்டல. விரலு வேற எரியுது.”

“எனக்கும்தான் எரிஞ்சிது” என்றாள்.

கடைக்காரர் அப்போது திரும்பினார். “நைலான் கம்பி போட்டது மேல ஒண்ணு கெடக்கு. முக்கால் சைஸ். பாக்க அழகா இருக்காதுன்னு யாரும் கேக்கறதில்ல” என்று மாடிக்குப் போய் எடுத்து வந்தார். மரத்தின் நிறம், மினுக்கு எதுவும் இல்லை. தூசியைத் துடைத்து, கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பழைய கம்பிகளைக் கழற்றிப் புதிது மாட்டிச் சுருதி சேர்த்தார். மதி வாங்கி மடியில் வைத்தாள். அவள் தோள் கீழே இறங்கியது. முகம் முழுதாகத் தெரிந்தது. ஸ்டெல்லா மிஸ் சொல்லித் தந்த ஒரு கார்டை, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடியை, மூன்று விரலையும் பார்த்துப் பார்த்து வைத்து, கட்டைவிரலால் தடவினாள். சின்ன சத்தம்தான். ஆனால் சுத்தமாக வந்தது. அவள் எங்களைப் பார்க்கவில்லை, மறுபடி அதையே வாசித்தாள்.

பிறகு அதை என்னிடம் நீட்டினாள். “இப்ப நீ.” என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கம்பியில் வைத்தாள். அவள் கை சூடாக, லேசாக வியர்த்திருந்தது. என் மகள் என் கையைத் தானாகப் பிடித்து எத்தனை நாளாகியிருந்தது!

“இது பாப்பாவுக்கா, மேடத்துக்கா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“ரெண்டு பேருக்கும்” என்றாள் மதி.

விடுப்பு முழுக்கச் சிதம்பரம் வீட்டில் ஒரே கிட்டார், இரண்டு மாணவிகள். பள்ளி விட்டு வந்ததும் அவள் எனக்குப் பாடம் எடுப்பாள். நான் தப்பாக வைத்தால் ஸ்டெல்லா மிஸ் குரலில் அதட்டுவாள். வாசித்துக்கொண்டே கதை சொல்வாள்; யாரோடு சண்டை, யார் சமாதானம், அப்பா தோசை எப்படியெல்லாம் கருகும், நான் போன புதிதில் என் பழைய நைட்டியைத் தலையணைக்குப் போட்டுத் தூங்கியது, பிறகு ஒரு நாள் வேண்டுமென்றே அதைத் துவைக்கப் போட்டது. கடைசியைச் சொல்லும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அழுதேன். “அழுதா கம்பி நனையும்” என்று கிட்டாரை வாங்கிக்கொண்டாள்.

புறப்படும் அன்று, அவர்கள் இருவரும் லைப்சிக்குக்கு வருவதற்கான விண்ணப்பத்தைச் செந்திலும் நானும் சேர்ந்து அனுப்பினோம். அடுத்த பள்ளியாண்டுக்குள் வந்துவிடலாம் என்று சொல்கிறார்கள். வந்தால் கடையை என்ன செய்வது, மதி எந்த வகுப்பில் சேர்வாள் என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பயமும் இருக்கிறது, ஆனால் இப்போது மூன்று பேரும் சேர்ந்து பயப்படுகிறோம்.

என்னோடு வேலை செய்யும் சபீனே, இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, தன் மகளுக்குச் சிறிதாகிப்போன முக்கால் கிட்டாரை எனக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மத்தியானம், அங்கே சாயங்காலம். மதியும் நானும் போனை நிறுத்தி வைத்து வாசிக்கிறோம். சேர்ந்து வாசிக்க முடியவில்லை. நெட்வொர்க்கில் சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் போகிறது. ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்க வேண்டும். போன வாரம் நான் ஒரு கார்டை வாசித்துவிட்டுக் கையை எடுத்தேன். இங்கே அறை அமைதியானது. ஒரு நொடி கழித்து நான் வாசித்த அதே கார்டு போனிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் போய், மேல வீதி ஆட்டோ ஹாரனையும் ஒரு காக்கையின் குரலையும் மதியின் சிரிப்பையும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தது.