கம்மல் போட்டுக்கொண்டு அரிசி கேட்கப் போன நாள்

ரப்பர் விலை அடியோடு விழுந்து, தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பால்வெட்டை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. ஜொகூரில், குளுவாங்கிலிருந்து செம்மண் ரோட்டில் வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அதெல்லாம் நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது. நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. நாலு பேர் நடுவில் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை மூட்டுவது என் வேலை. வருஷக்கணக்காக அந்தப் புகையைக் குடித்ததில் நெஞ்சு கெட்டுப்போய், இருமல் வந்தால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியாது. தோட்டம் வேலையை நிறுத்தியபோது, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப்பேரைச் சர்க்கார் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு ஊரில் யாரும் இல்லை. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு கடல் பயணம் வேண்டாம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரும் சொல்லிவிட்டார். உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு ரோடு போடும் வேலை கொடுத்தார்கள். அதற்கும் நான் ஆகமாட்டேன்.

என்னைப்போல வேலைக்கு ஆகாமல், வேறு வழியும் இல்லாமல் இருந்த குடும்பங்களுக்குச் சர்க்கார் அரிசி கொடுத்தது. விசாரித்துப் பார்த்து, உண்மையிலேயே கதியில்லாதவர்கள் என்று தெரிந்தால்தான் கிடைக்கும். அதை விசாரிக்கிற சர்க்கார் துரை தோட்டத்துக்கே வந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் மனைவி கைக்குழந்தையோடு என் பக்கத்தில் இருந்தாள். எங்கள் முறை தவறிவிட்டது. தவறியவர்கள் குளுவாங்குக்கே வந்து துரையைப் பார்க்கலாம் என்று பிறகு ஆள் வந்து சொன்னான்.

லயத்தில் எல்லாருக்கும் எங்கள்மேல் ஒரு கவலை இருந்தது. பிள்ளைக்கு டிரெஸ்ஸர் டின் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவிக்குப் பால் வற்றிப்போனதால் கிடைத்த சலுகை அது. ஒரு கையில் பால் வாங்குகிறவனுக்கு மறு கையில் அரிசி கிடைக்குமா என்பதுதான் எல்லாருடைய பேச்சும்.

"பால் வாங்குறத சொல்லிராதீங்க."

"சொல்லாம இருந்து மாட்டிக்கிட்டா பாலும் போயிரும்லா."

இப்படி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் மனைவி கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். "பால் பிள்ளைக்குத்தானுங்க, அத நாங்க தொடுறதில்லீங்க" என்று மாவு சலிக்கிறபோதும் துணி அலசுகிறபோதும் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பேசமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

துரை முன்னால் எப்படிப் போய் நிற்பது என்பதில் மட்டும் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் குளித்து, நல்ல துணி உடுத்தி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு போகவேண்டும். அழுக்கோடு போய் நிற்பது அவரை மதிக்காத காரியம். என் கல்யாண வேட்டியைச் சாம்பல் போட்டு வெளுத்து, மரவள்ளிக் கிழங்கு வேகவைத்த கஞ்சித் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டாள். வேட்டி தகடுபோல விறைத்துக்கொண்டு நின்றது. அவள் கூறைச்சேலையை எடுத்தாள்.

அப்போதுதான் அடுத்த வீட்டு அக்கா உள்ளே வந்தார். அடுத்த வீடு என்றால் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அக்காவின் புருஷன் மரம் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. பிள்ளைகள் வேறு. துரை தோட்டத்துக்கு வந்த அன்று அக்கா புல் வெட்டிக்கொண்டிருந்தார். போட்டிருந்த கந்தலோடு, கால் சேறோடு, அப்படியே கூப்பிட்டு நிறுத்தி விசாரித்து அரிசி கொடுத்துவிட்டார்கள்.

என் மனைவியைப் பார்த்ததும் அக்கா முகத்தைச் சுளித்தார். "என்னடி இது, மூளிக் காதோட கெளம்பிட்ட? போற காரியம் வெளங்குமா?"

என் மனைவியின் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. அவள் கம்மல் என் இருமலுக்கே போய்விட்டது. அக்கா வீட்டுக்குள் போய், துணியில் முடிந்து வைத்திருந்த சிவப்புக்கல் கம்மலைக் கொண்டுவந்து, அவர் கையாலேயே மாட்டிவிட்டார். கையில் மிஞ்சியிருந்த ஒரே தங்கம். மகளுக்கென்று வைத்திருந்தது.

"இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்க. போயிட்டு வா, புள்ள."

நாங்கள் லயத்தைத் தாண்டும்போது குழாயடியில் நின்ற கிழவர் ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார். "என்னப்பா, பழைய பொண்டாட்டிக்கே ரெண்டாங் கல்யாணமா?" எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

குளுவாங் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. நான் இருமி இருமி நின்றதால் நேரமாகிவிட்டது. ஆபீஸ் வராந்தாவில் எங்களைப்போலப் பலபேர் குந்தியிருந்தார்கள். எல்லாரும் கந்தல். எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவி எழுந்துகூட நின்றாள். எனக்குக் கூச்சமாக இருந்ததே தவிர, ஏன் என்று விளங்கவில்லை.

துரை வெள்ளைக்காரர். தமிழ் படித்தவர். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைப்பதுபோலப் பேசுவார். பக்கத்தில் கணக்கெழுதுகிற யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மனைவி எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்துக் கும்பிட்டாள். துரை பழத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

வேலை, வியாதி, பிள்ளை, எல்லாம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மனைவிதான் பதில் சொன்னாள். பால் விஷயம் வந்தது. அவள் படித்து வைத்திருந்ததைத் தடுமாறாமல் சொன்னாள்.

துரை தலையசைத்தார். "பால், பிள்ளைக்கு. அது தடை இல்லை. பால் இருக்கலாம், அரிசியும் இருக்கலாம்."

இத்தனை நாள் நாங்கள் பயந்த பயம் ஒரு நொடியில் போய்விட்டது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படித் திரும்பியதில் காதில் இருந்த கல் வெயிலில் மின்னியிருக்க வேண்டும். துரை தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"தங்கம்?"

அவளுக்குப் புரியவில்லை. பெருமையாகச் சொல்வதுபோல, "ஆமாங்க, தங்கந்தானுங்க" என்றாள்.

துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். என் வேட்டியைப் பார்த்தார், கூறைச்சேலையைப் பார்த்தார். கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணி பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன பிள்ளை, தோடு போட்டுக்கொண்டு வந்து அரிசி கேக்கிறியளோ? கையில நகை இருக்கிற ஆக்களுக்கு இது இல்லை. அதை வித்துச் சாப்பிடுங்கோ. முடிஞ்சாப்பிறகு வாங்கோ."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துரை முன்னால் வாயைத் திறந்தேன். "ஐயா, அது..." என்று ஆரம்பித்தேன்.

கிராணி கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்த்தே ஊகித்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார். "இரவலோ? இரவலெண்டா இரவலெண்டு சொல்லும். நான் துரைக்கு விளங்கப்படுத்திறன். ஆற்ற தோடு? ஆளைச் சொல்லவேணும். விசாரிக்காமல் எழுதேலாது."

யாருடைய கம்மல் என்று சொன்னால் எங்களுக்கு அரிசி. சொன்னால் அந்தக் கம்மலுக்கு உரியவருக்கு அரிசி இல்லை. எனக்கு இது விளங்க நேரம் பிடித்தது. என் மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்து இறுக்கினாள். நகம் பதிந்தது.

"இரவல் இல்லீங்க. எங்கம்மா போட்டதுங்க" என்றாள்.

கிராணி அவளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, போயிட்டு வாங்கோ" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லயத்துக்கு வந்ததும் கம்மலைக் கழற்றி, ஒரு தட்டில் குங்குமத்தோடு வைத்து அக்காவிடம் கொடுத்தாள். "நல்லபடியா முடிஞ்சிச்சுக்கா" என்றாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "நாந்தான் சொன்னேன்ல" என்றார். நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அரிசி கொடுக்கிற நாளில் பொய் வெளுத்துவிட்டது. வரிசையில் நாங்கள் இல்லை. அக்கா அரிசி மூட்டையை இடுப்பில் வைத்தபடியே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மனைவியால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா கத்திய கத்தல் லயம் முழுக்கக் கேட்டது.

"ஏன்டி, நீ என்ன பெரிய தர்மராசா வீட்டுப் பொண்ணா? வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? எங்கிட்டயே நல்லா முடிஞ்சிச்சுன்னு சொல்லிட்டு, இங்க கெழங்க அவிச்சுத் தின்னுக்கிட்டு கெடக்குற!"

திட்டிக்கொண்டே அழுதார். கம்மலை விற்றுப் பாதி தருகிறேன் என்றார். அது மகளுக்கு உள்ளது, தொடாதீங்க என்று மனைவி சொல்லிவிட்டாள். அன்று மாலை ஒரு குண்டான் கஞ்சி வந்தது. மறுநாளும் வந்தது. பிறகு நின்றது. அக்கா வீட்டில் வாய்கள் அதிகம், அரிசி அளந்து கொடுத்ததுதான். நாங்கள் குறை சொல்லவே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. பலகைச் சுவர் என்பதால் அந்தப் பக்கம் உலை கொதிப்பது இந்தப் பக்கம் கேட்கும். வடிக்கிற கஞ்சியின் வாசனை இடுக்கு வழியே வரும். அக்கா அடுப்படிப் பக்கத்து இடுக்குகளில் சாக்கைக் கிழித்து அடைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் சாப்பிடச் சொல்வது எங்களுக்குக் கேட்டது. குழாயடியில் என் மனைவியைக் கண்டால் குடம் நிரம்புவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு போனார். முன்பெல்லாம் ஒரு குடத்துக்கு ஒரு மணிநேரம் பேசுகிறவர்கள் இருவரும்.

கிழங்கும் கீரையும் தின்று என் மனைவிக்குக் கால் வீங்கிவிட்டது. அமுக்கினால் குழி விழும். பிள்ளைக்குப் பால் தவறாமல் வந்ததால் அது மட்டும் பிழைத்துக்கொண்டது. அடுத்த விசாரணைக்கு நாங்கள் மறுபடியும் போனோம். இந்தத் தடவை நான் குளிக்கவில்லை. அவள் அடுப்படித் துணியோடு வந்தாள். எலுமிச்சம்பழம் கொண்டுபோகவில்லை. துரை எங்களை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. கிராணிக்குத் தெரிந்தது. அவள் காதில் இருந்த குச்சியைப் பார்த்தார், வீங்கிய காலைப் பார்த்தார். கம்மல் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். நாங்கள் வாசலில் நுழைந்து வெளியே வந்ததுதான் தெரியும், அரிசி கிடைத்துவிட்டது.

இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இரண்டு வீட்டிலும் சோறு வெந்தது, இரண்டு வீட்டுக் கதவும் சாத்தியே இருந்தது.

கொஞ்ச காலத்தில் அக்கா புருஷனுக்கு உடம்பு இனித் தேறாது என்று தெரிந்ததும், குடும்பத்தோடு ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். லாரி வந்த அன்று என் மனைவி வீங்கிய காலோடு போய் நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன். அக்கா பிள்ளைகளை ஏற்றிவிட்டு, கடைசியாகத் திரும்பி அவளிடம் வந்தார். வெகுநாள் கழித்து அன்றுதான் நேருக்கு நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கே எம்பேரச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்டி. எங்க அரிசி போயிருந்தா, ஒன்னத் திட்டித் தீத்துட்டு மறாநா பேசியிருப்பேன். இப்ப ஒம் மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்க முடியாமப் பண்ணிட்டியே."

என் மனைவி அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

அதற்குப்பிறகு அவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. தோட்டம் திரும்பத் திறந்து, நெஞ்சுக்கு ஒத்த லேசான வேலையாக எனக்கு ஒன்று கிடைத்தது. மனைவியின் கால் வீக்கம் முழுதாக வடியவில்லை. மழைக்காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அவள் செய்தது சரியா என்று நான் கேட்டதில்லை; அவளும் சொன்னதில்லை. இப்போதெல்லாம் வெளுத்த வேட்டியோடு யாராவது உதவி கேட்டு என் முன்னால் வந்து நின்றால், அவர் யார் பெயரைச் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டு நிற்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.