லெ மான் ஆப்பிள்

பிள்ளைகளே, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் இருக்க, நாம் மட்டும் ஏன் முத்தியால்பேட்டையிலேயே தங்கிவிட்டோம் என்று கேட்டுக் கேட்டு நீங்களும் அலுத்துவிட்டீர்கள். உங்கள் அம்மாதான் தடுத்தாள் என்று நான் சொன்னதை நம்பியும் விட்டீர்கள். அது பொய்.

அறுபத்திரண்டாம் வருஷக் கடைசியில் பெரியப்பா விடுப்பில் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து விலகி, லெ மான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். பெட்டியிலிருந்து சொரசொரப்பான தோலுடன் நான்கு ஆப்பிள்களை எடுத்து வைத்தார். அந்த ஊரின் பெயரேதான் பழத்துக்கும். பறித்ததும் தின்றால் பல் கூசுமாம். அங்கே வைக்கோலில் வைத்திருந்து மாசியில்தான் எடுப்பார்களாம். நீங்கள் கடிக்கப் போனீர்கள். நான் பிடுங்கி, மாங்காயைப் பழுக்கவைப்பதுபோல் நெற்பானைக்குள் புதைத்துவிட்டேன்.

பெரியப்பா வந்தது பழம் கொடுக்க அல்ல. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த நம் ஊர் அந்த வருஷம் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். படிவத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பிரசவம் ஆகட்டும், பொங்கல் கழியட்டும் என்றேன். கடைக்குட்டி அப்போது வயிற்றில்.

"வெச்சிருந்தா பழுக்கறதுக்கு நீ என்ன லெ மான் ஆப்பிளாடா?" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு, "எனக்காக நிக்க வேணாம்னு சொல்லிட்டேன் மாமா. இவருதான் அசைய மாட்டேங்கறாரு" என்றாள்.

எனக்குப் பயம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷத்தோடு நின்றவன். தூதரகத்து மேசைக்கு முன்னால், கேட்பது புரியாமல் அண்ணன் முகத்தைப் பார்த்து நிற்கும் நாற்பது வயதுக்காரனாக என்னை நினைத்துப் பார்த்தேன். பிரான்சுக்குப் போனால் ஆயுசு முழுக்க அப்படித்தானே? இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, பழியை நிறைமாதக்காரி மேல் போட்டேன். பெரியப்பா கப்பலேறினார்.

தை பிறந்து பானையைத் திறந்தபோது, நம் ஊர்ப் புழுக்கத்தில் நான்கும் அழுகி நெல்லையும் கெடுத்திருந்தன. அம்மா அள்ளிக் கொட்டினாள்.

கெடு முடிந்த மறுநாள் பகலில், நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். அம்மா கைக்குழந்தையோடு கண்ணயர்ந்திருந்தாள். பெரியப்பா விட்டுப்போன படிவத்தை எடுத்து, பேனாவில் மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். என் பெயர், அம்மா பெயர், உங்கள் பெயர்கள், பிறந்த தேதிகள், தெரு, தொழில், எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதினேன். எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.