கட் பண்ணியவர்களின் பட்டியல்

என் குரல் நன்றாயிருக்கிறது என்று சொல்லித்தான் அந்த வேலையில் என்னைப் பிடித்துப் போட்டார்கள். கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். தோட்டங்களில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்களைக் கவனிக்கிற சின்னத் தொண்டு நிறுவனம். நான் எழுத்து வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு நாள் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, என்னை ஒரு கதிரையில் உட்கார வைத்து, வாக்கியம் வாக்கியமாக வாசிக்கச் சொன்னார்கள். ஒரு கிழமை முழுக்க வியர்க்க வியர்க்க வாசித்தேன். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்காமலே கம்பியூட்டருக்குள்ளிருந்து என் குரல் பேசத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பதினொரு மணிக்கு அது பெண்களைப் போனில் கூப்பிடும். “வணக்கம் தங்கச்சி, நல்லா இருக்கீங்களா? தலவலி இருக்கா? கண்ணு மங்குதா? காலு வீங்கியிருக்கா?” என்று கேட்கும். அவர்கள் சொல்கிற பதிலை அதுவே விளங்கிக்கொள்ளும். பயப்பட வேண்டிய பதில் என்றால் அந்தப் பெயர் சிவப்புப் பட்டியலுக்குப் போகும், அந்தப் பகுதி மருத்துவமாதுக்குத் தகவல் பறக்கும். நான் ஒரு நாளும் சொல்லாத வார்த்தைகளைக்கூட அது என் குரலில் சொன்னது. முதல்முறை கேட்டபோது உடம்பு கூசியது. பிறகு பெருமையாகிவிட்டது, அதை ஒளிப்பானேன். “வீட்டுல கேக்குற கேள்விக்கே என்னால பதில் சொல்லி முடியல. இப்ப மலை மலையா போய்க் கேக்குறியா?” என்று என் கணவர் சிரித்தார்.

பெண்களைப் பதிவு செய்ய நானும் தோட்டங்களுக்குப் போனேன். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில், தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளை மடுவத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தபோது ஒருத்தி வந்தாள். நாலாம் மாதம். மெலிந்த உடம்பு, ஆனால் கண்ணில் ஒரு குறும்பு. புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே தவறியது, பிரஷர் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்காமல், நான் எழுதுகிற பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த முறை விடமாட்டோம். செவ்வாக்கெழம போன் வரும், என்னா இருந்தாலும் அதுல சொல்லுங்க” என்றேன்.

“போன்ல பேசுறது நீங்களாக்கா?”

பின்னால் நீண்ட வரிசை நின்றது. இயந்திரம், குரல் என்றெல்லாம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. “ஆமா, நான்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் ஒரு விஷயம் எல்லோரையும் குடைந்தது. நிறையப் பெண்கள் போனை எடுக்காமல், மணி அடித்தவுடன் கட் பண்ணினார்கள். பதிலைத் தானே விளங்கிக்கொள்கிற இயந்திரம் இதற்கும் தானே ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டது. நாலு முறை தொடர்ந்து கட் பண்ணினால் ‘விருப்பமில்லை’ என்று முடிவு கட்டி, அந்தப் பெயரைச் சாம்பல் நிறப் பட்டியலில் தள்ளிவிடும். பிறகு கூப்பிடாது. இந்த இயந்திரத்தைச் செய்து பராமரித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். அவருக்கே அது சரியாகப் படவில்லை. கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அக்கா, நீங்கள்தானே இந்தப் பக்கத்து ஆள். ஏன் இவையள் கட் பண்ணுகினம்?”

அந்த அறையில் மலையகத்தைச் சேர்ந்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. “தோட்டத்து ஆளுங்க அப்படித்தான். மெஷின்னா ஒரு கூச்சம், ஒரு பயம். பேச விருப்பம் இல்லாதவங்கள விட்டுறுவோம்” என்று பெரிய நிபுணர் மாதிரி சொன்னேன். நான் கண்டி டவுனில், மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேசும்போது ஒரு படி மேலே நின்று பேசுகிற பழக்கம் டவுன்காரர்களான எங்களுக்கு உண்டு. அன்றைக்கு அந்தப் படியில்தான் நின்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை. மேசையில் இருந்த என் போன் அடித்தது. கணவர். ஒரு மணி அடித்ததும் நான் கட் பண்ணிவிட்டு வேலையைப் பார்த்தேன். எதிர் மேசையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் சிரித்தார்.

“ஏன் அக்கா, வீட்டில சண்டையோ? பாவம் மனுசன்.”

“சண்டையா? பஸ் ஏறிட்டேன்னு சொல்றாரு. சரின்னு சொன்னேன்.”

“எங்க சொன்னீங்கள்? கட் எல்லோ பண்ணினீங்கள்?”

“அதான் சொன்னது” என்று சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் போனுக்கு ரீலோட் போடக் காசை எண்ணிப் பார்த்த காலத்திலிருந்தே இப்படித்தான். அப்பா நகரசபை வேலை முடிந்து கிளம்பும்போது கூப்பிடுவார், அம்மா கட் பண்ணுவாள். ‘தகவல் கிடைத்தது, இங்கே எல்லோரும் நலம், உங்கள் ரீலோட்டை வீணாக்காதீர்கள்’ என்று அதற்கு அர்த்தம். ஏதாவது பிரச்சினை என்றால்தான் எடுத்துப் பேசுவோம். கையில் காசில்லாமல் நாமே பேச வேண்டியிருந்தால் ஒரு மணி அடிக்கவிட்டு நிறுத்துவோம், ரிங் கட். எதிர்ப்பக்கம் உடனே திருப்பிக் கூப்பிட வேண்டும், கூப்பிடாவிட்டால் அது பெரிய அவமரியாதை. இப்போது எல்லோர் கையிலும் படம் பார்க்கிற போன் வந்துவிட்டது. ஆனாலும் இந்தப் பழக்கம் எங்களைவிட்டுப் போகவில்லை. கொழுந்து பறிக்கிற கையோடு, கங்காணி பக்கத்தில் நிற்க, பதினொரு மணிக்குப் போன் வந்தால் அந்தப் பெண்கள் வேறு என்ன செய்வார்கள்? அக்கா அக்கறையாகக் கேட்கிறாள், நான் நல்லாத்தான் இருக்கிறேன் என்று மரியாதையாகக் கட் பண்ணியிருக்கிறார்கள். அதைத்தான் நான் கூச்சம், பயம் என்றேன்.

“வெளியிலருந்து நம்ம நம்பருக்கு வர்ற கோல் எங்க பதிவாகுது?” என்று கேட்டேன்.

“அதை ஒருத்தரும் பார்க்கிறேல்லை அக்கா. அந்த நம்பர் நாங்கள் வெளியில கோல் எடுக்கிறதுக்கு மட்டும்தான்” என்றார். சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

நீளமாக இருந்தது. ஒரே மணியோடு நின்றுபோன கோல்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அதில் ஒரே இலக்கம் செவ்வாய் காலை, புதன் காலை, அன்று காலை என்று மூன்று தரம் வந்திருந்தது. அவர் அந்த இலக்கத்தைப் பட்டியலில் தேடினார். ஹேவாஹெட்ட. சாம்பல் நிறம். ஏழாம் மாதம் நடக்கிறது. பேனையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் எனக்கு அப்படியே வந்து நின்றது.

என் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். முதல் மணி முடியுமுன்னே எடுத்துவிட்டாள்.

“அக்கா, ஒங்க கொரல் கேட்டு எத்தன நாளாச்சு. மூணு நாளா ரிங் கட் குடுக்குறேன், நீங்க திருப்பி எடுக்கவே இல்லையே. எதும் கோவமா?”

கோபமா என்று கேட்டாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லையாம். நேற்றிலிருந்து தலைவலி, இன்றைக்குக் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறதாம். “கிளினிக் அடுத்த கெழமதான். நீங்க எப்படியும் எடுப்பீங்கன்னு இருந்தேன்” என்றாள். படுத்துக்கொள், பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு மருத்துவமாதுக்குப் போன் எடுத்தேன். அந்த அம்மா என்னைத் திட்ட நேரமில்லாமல் மழையில் கிளம்பினார். இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அன்று பின்னேரமே ஒப்பரேஷன் செய்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பகல் நோயாளர் பார்க்கும் நேரத்தில் போனேன். பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் மூச்சு நன்றாக வருகிறது என்று தாதி சொன்னார். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகவீக்கம் இன்னும் வடியவில்லை. நான் பெயர் சொல்லுமுன்னே, “வாங்கக்கா” என்றாள்.

வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டு போயிருந்தேன். உட்கார்ந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது. இருந்ததை இருந்தபடி சொன்னேன். ஒவ்வொரு கிழமையும் கூப்பிட்டது நான் இல்லை, என் குரலை வைத்துக்கொண்டு ஒரு கம்பியூட்டர் கூப்பிட்டது. நீ கட் பண்ணியதை அது விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டது. அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னது நான்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு இத்தன நாளா யாருக்குக்கா சொன்னேன்?”

மணியடித்துப் பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார்கள். என் பையில் இருந்த துண்டுக் காகிதத்தில் என் சொந்த இலக்கத்தை எழுதி அவள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

இயந்திரத்தை மாற்றினோம். கட் பண்ணுகிறவர்களை அது இப்போது தள்ளிவிடுவதில்லை. மாலையில் அவர்கள் வேலை விட்டு வந்தபிறகு திரும்பக் கூப்பிடுகிறது. ரிங் கட் வந்தால் எங்களில் ஒருவர் திருப்பிக் கூப்பிட்டுப் பேச வேண்டும், பெரும்பாலும் அது நான்தான். சாம்பல் பட்டியலில் இருந்த ஒவ்வொருத்தரிடமும் நானே பேசினேன். அவளிடமிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை. நானாகக் கூப்பிடவும் துணிவு வரவில்லை.

பிள்ளையோடு அவள் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எந்த நாள் என்று பிறகு மருத்துவமாது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு அடுத்த செவ்வாய், காலை பதினொரு மணி. என் போன் அடித்தது, அவள் இலக்கம். முதல் மணி முடிந்து இரண்டாவதும் அடித்தது, அவள் நிறுத்தவில்லை. ரிங் கட் இல்லை, நான் நல்லா இருக்கிறேன் என்கிற தகவல். மூன்றாவது மணியில் கட் பண்ணினேன். அவள் திரும்பக் கூப்பிடவில்லை.